மதலேனம்மாள் எனக்காக நின்ற வெள்ளிக்கிழமைகள்

விசுவாசமுள்ள சகோதர சகோதரிகளே, உயிரோடிருந்த என் கணவரை மரித்தவர் என்று என் கையாலேயே எழுதியவள் நான். அந்தப் பாவத்தையும், அதற்குப் பிறகு சர்வேசுரன் என்னை நடத்திய விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டுமென்று இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாகூருக்குத் தெற்கே, சோரியாங்குப்பத்தை ஒட்டி இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரர் சீமை. என் கணவர் சின்னப்பன், கலியாணமான ஆறாம் வருடம் சைகோனுக்குக் கப்பலேறினார். அதுவும் எங்களைப்போல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அங்கே துறைமுகத்தில் காவல் உத்தியோகம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருவார். மாதம் ஒரு கடிதம் தவறாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சிறு வயதில் கன்னியாஸ்திரீகளிடம் படித்ததனால் எனக்குப் பிரெஞ்சும் தமிழும் எழுத வரும். தினமும் குறிப்பு எழுதுவது என் வழக்கம். எழுந்த நேரம், காற்று, மழை, யார் வந்தார்கள், பூசைக்குப் போனேனா இல்லையா, எல்லாம் எழுதுவேன். கடிதம் வந்த நாளில் பக்கத்தின் மூலையில் ஒரு சிலுவை போடுவேன்.

யுத்தம் வந்தது. பாரீஸ் விழுந்தது. பிரெஞ்சுக்காரர் இரண்டாகப் பிரிந்ததில் நம்முடைய புதுச்சேரி இங்கிலீஷ்காரர் பக்கமும் சைகோன் எதிர்ப் பக்கமும் ஆகிப் போயின. ஆனி மாதம் வந்த கடிதத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூரிலிருந்து போட்டால் போகுமோ என்று ஒரு நாள் விடியற்காலை புறப்பட்டு நடந்தே போய், அங்கே தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். ஏழு வாரம் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது. மேலே ஒரு முத்திரை. அந்தத் தேசத்துக்குத் தபால் போகாதாம்.

நாலு வருடம் அப்படியே போயிற்று. மூலையில் சிலுவை இல்லாத பக்கங்கள். வீட்டில் நான் பேசும் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்கும். குழம்பு கொதிக்கும்போது அதனிடம் பேசியிருக்கிறேன். இதையும் அன்றைய குறிப்பில் எழுதினேன், வெட்கமில்லாமல்.

நாலாம் வருடம் ஐப்பசியில் என் கொழுந்தன் ஆரோக்கியம் புதுச்சேரி டவுனுக்குப் போய்விட்டு வந்தார். நல்ல மனிதர். அண்ணன் மேல் உயிர். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலிலேயே நின்றார். சைகோன் துறைமுகத்தில் ஆகாயத்திலிருந்து குண்டு போட்டதாகவும், காவல் கொட்டகை முழுவதும் எரிந்து போனதாகவும், அங்கிருந்த நம்மூர்க்காரர் ஒருவரும் மிஞ்சவில்லை என்றும் டவுனில் ஒரு குடும்பத்துக்குச் செய்தி வந்திருக்கிறதாம்.

"யாரு பாத்தது?" என்று கேட்டேன்.

"பாத்தவன் எவன் அண்ணி உயிரோட இருப்பான்? நீங்க ஒண்ணு."

இங்கே எங்கள் கோவில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டு மரித்தோர் பெயர்களைக் கொண்டுவந்து தரும். அவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். திருநாள் பூசையில் உபதேசியார் அதை ஒவ்வொன்றாக வாசிப்பார். அவர்கள் ஆத்துமம் வேதனை தீர்ந்து மோட்சம் சேரக் கோவில் முழுவதும் வேண்டிக்கொள்ளும். என் எழுத்து நேராக இருக்கும் என்பதால் பதினோரு வருடமாக அந்த நோட்டை நான்தான் எழுதி வந்தேன். பெயர், தகப்பன் பெயர், மரித்த தேதி என்று மூன்று பத்தி போடுவேன். தேதி தெரியாமல் யாரையும் எழுதமாட்டேன். "அறுப்புக்கு முந்தி செத்தாரும்மா" என்பார்கள். எந்த அறுப்பு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்டுக் கேட்டுத் தேதியைப் பிடித்துவிடுவேன்.

அந்த வாரம் மதலேனம்மாள் வந்தாள். அவள் கூலி வேலை செய்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை வா, போ என்றுதான் பேசி வந்தேன், எங்கள் தெருவில் எல்லோரையும் போல. கோவிலிலும் எங்கள் தெருவாருக்கு நடுப்பகுதி, அவள் சாதிக்காரருக்குத் தெற்கே நீட்டிக் கட்டிய பக்கம், தெற்குச் சிறகு என்போம். அவளுடைய ஒரே மகன் இஞ்ஞாசி சிப்பாய்களோடு கப்பலேறிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அவனிடமிருந்தும் செய்தி இல்லை.

புருஷன் பெயரையும் தாயார் பெயரையும் சொன்னாள். எழுதினேன். பிறகு, வரிசை விட்டுப் போகக்கூடாதே என்ற என் குணத்தால், "உன் மகன் பேரு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எம் புள்ள செத்தான்னு உங்களுக்கு எந்தக் காக்கா வந்து சொல்லிச்சு?" என்றாள். "எழுதற கை சும்மா இருக்காதா? நல்லா இருக்கீங்களே!" முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஆரோக்கியம் வந்தார். அண்ணன் பெயரையும் எழுத வேண்டும் என்றார். முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. அழுதுகொண்டே சொன்னார்.

"அண்ணி, அவரு உயிரோட இருந்தா பேர எழுதினதால ஒண்ணும் ஆவப்போறதில்ல. செத்திருந்தா? உத்தரிக்கிற ஸ்தலத்துல வெந்துகினு இருப்பாரு. ஊர்ல எல்லாருக்கும் செபம் நடக்கும். எங்கண்ணன் ஒருத்தருக்கு மட்டும் யாரும் ஒரு வார்த்த சொல்லமாட்டாங்க. உங்க பிடிவாதத்துக்காக அவரு வேகணுமா?"

பங்குச் சாமியாரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அவரும் ஆம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். இரண்டு நாள் அந்த நோட்டைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்குத் திறந்து, கடைசி வரியில் சின்னப்பன் என்று எழுதினேன். தகப்பன் பெயர் எழுதினேன். மூன்றாம் பத்தியில் எழுத ஒன்றுமில்லை. நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான்.

கல்லறைத் திருநாளில் உபதேசியார் அந்தப் பெயரை வாசித்தார். நடுப்பகுதியில் பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஆரோக்கியத்தின் மனைவி லூர்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு ஆளை ஆற்றில் பிடித்துத் தள்ளிவிட்டுக் கரையில் நிற்பதுபோல் இருந்தது. மறுநாள் லூர்து வெள்ளைப் புடவை கொண்டுவந்து கொடுத்தாள். கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தனிமை என்னவென்று தெரிந்தது. அதுவரை செபமாவது இருந்தது. அவரைக் காப்பாற்றும் என்று கேட்பேன். இப்போது அப்படிக் கேட்டால், கோவில் முழுவதும் அவர் ஆத்துமத்துக்காக வேண்டியது பொய்யாகிறது. அவர் ஆத்துமம் இளைப்பாறக் கடவது என்று சொல்லப்போனால் நாக்கு எழவில்லை. அவரை மரித்தவர் என்று மறுபடியும் ஒரு முறை எழுதுவதுபோல் தோன்றியது. இரண்டு கதவும் என் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டன. செபமாலையை எடுப்பேன், மணியை உருட்டுவேன், வைத்துவிடுவேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் கோபித்தார், என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய் என்றார். பிறகு மன்னிப்பும் கொடுத்தார். ஆனாலும் வீட்டுக்கு வந்தால் அதே சுவர்கள். அந்த நாலு மாதத்தில் என் குறிப்பில் காற்றும் மழையும் மட்டுமே இருக்கின்றன.

பாஸ்கா என்ற உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தபசு காலம் வந்தது. இரண்டாம் வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை. சேசுவின் பாடுகளைக் காட்டும் பதினாலு படங்களுக்கு முன்னால், ஒவ்வொரு ஸ்தலமாக எல்லோரும் முழங்காலிட்டு எழுந்தோம். பன்னிரண்டாம் ஸ்தலத்தில் சேசுநாதர் சிலுவையில் தொங்குகிறார், மாதா கீழே நிற்கிறாள். அந்தப் படத்துக்கு எதிரே முழங்காலிட்ட நான் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் பதினாலாவதும் முடித்துப் போய்விட்டார்கள். கோவில் காலியாகிவிட்டது.

"இன்னாம்மா, எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் இன்னா பண்றீங்க?"

தெற்குச் சிறகில் மதலேனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பெயர் கேட்ட நாளுக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.

"வேண்டிக்கத் தெரியல" என்றேன்.

"உங்களுக்கா? புஸ்தகம் புஸ்தகமா படிச்சிருக்கீங்க. உங்களுக்கே தெரியலன்னா நான் எங்க போறது?"

எழுந்து அவள் பக்கம் போனேன். வேறு யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். இருக்கிறவருக்கு வேண்டவும் முடியவில்லை, இல்லாதவருக்கு வேண்டவும் முடியவில்லை என்றேன். அவள் காலால் தரையைத் தேய்த்தாள்.

"பேர எழுதினது நீங்க. நான் எழுதல இல்ல?" என்றாள். "எனக்குத் தெரிஞ்சி உங்க வூட்டுக்காரரு சைகோன்லதான் இருக்காரு. அவருக்கு நான் வேண்டிக்கிறேன். எம் புள்ளைக்கு நீங்க வேண்டிக்கோங்க."

"உன் பிள்ளைக்கு நீ வேண்டிக்கிறதில்லையா?"

"நான் ஆரம்பிச்சா மாதாகிட்ட சண்டைக்குப் போயிடறேன்மா. நேத்துகூட வஞ்சிட்டேன். அவங்களும் எத்தினி நாளு கேட்டுகினு இருப்பாங்க? நீங்கன்னா மரியாதையா பேசுவீங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு, கோவிலுக்குள், பன்னிரண்டாம் ஸ்தலத்துக்கு எதிரே. சேசுவே மன்னியும் என்றேன். அது ஒரு செபமாகவே வந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலுவைப்பாதை முடிந்தபின் நாங்கள் இருவரும் தெற்குச் சிறகில் நிற்போம். நான் இஞ்ஞாசிக்காகக் கேட்பேன். அவள் சின்னப்பனுக்காகக் கேட்பாள். என் துக்கத்தை நான் கேட்காதபோது என் வாய் திறந்தது. அவளை "வாங்க" என்று கூப்பிடவும் பழகினேன். முதலில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் லூர்து வந்தாள்.

"அக்கா, நடுவுல உனக்கு எடம் கெடைக்கலியா? சாமியாரு கிட்ட சொல்லி ஒரு பலகை போட்டுத் தரச் சொல்லட்டுமா?"

"அங்கே எனக்கு வாய் திறக்குது லூர்து."

"தொறக்கும், தொறக்கும். நாளைக்கு அந்தத் தெருவுலியே வூடு பாத்துக்க. நாங்க தூரத்துலேருந்து ஸ்தோத்திரம் சொல்றோம்."

பாஸ்கா திருநாள் கழிந்து மூன்றாம் வாரம், புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். மதலேனம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். எத்தனை முறை சொல்லியும் உள்ளே வரமாட்டாள். கையில் ஒரு காகிதம். ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் ஆபீஸ் சேவகன் கொடுத்துவிட்டுப் போனானாம். பிரெஞ்சில் இருந்தது.

முதலில் வாய்க்குள் படித்தேன். இஞ்ஞாசி காயப்பட்டு, தூர தேசத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மரித்திருக்கிறான். தேதி போட்டிருந்தது. முந்தின வருடம் ஆவணி மாதம். நான் அவன் பெயரைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டு போன நாளுக்கும் முன்பு.

"படிங்க" என்றாள்.

சொன்னேன். அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "அவம் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள். "இவ்ளோ சின்னதாவா எழுதுவாங்க?" என்றாள். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அழவில்லை. நாற்று நடவுக்கு ஆள் காத்திருக்கிறது என்று போய்விட்டாள்.

தேதி என்னைத் தின்றது. உயிரோடிருப்பாரோ என்னவோ என்றிருந்த என் கணவரை மரித்தவர் என்று எழுதினேன். மரித்துப் போயிருந்த பிள்ளைக்கு உயிர்ப்பிச்சை கேட்டு ஏழு வெள்ளிக்கிழமை நின்றேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறவள் என்று பெயரெடுத்த நான், சர்வேசுரன் முன்னால் ஒன்றைக்கூடச் சரியாகச் செய்யவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகக் கால் வரவில்லை. அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனாலும் போனேன். அவள் எனக்கு முன்பே வந்து அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், கைகூப்பி, கண்ணை மூடி.

முடிந்தபின் கேட்டேன். "யாருக்காக வேண்டினீங்க?"

"உங்க வூட்டுக்காரருக்குத்தான். வேற யாருக்கு?"

"உங்க பிள்ளை..."

"எம் புள்ள கத முடிஞ்சிபோச்சிம்மா. உங்களுது முடியலியே. பாதியில வுட்டுட்டுப் போவ சொல்றீங்களா?"

நான் வேண்டியதெல்லாம் வீணாய்ப் போயிற்றே, அவன் அப்போதே இல்லையே என்று மட்டும் சொன்னேன்.

"எங்கயாவது போய்ச் சேந்திருக்கும்மா. வேண்டிக்கிட்டது வழி தெரியாமயா பூடும்?"

சகோதரிகளே, சேசுநாதர் பாடுபட்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தமது மரண வேதனையில் மற்றவர்களை நினைத்தார் என்று கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமைதான். ஒரே பிள்ளை போன செய்தி கேட்ட மூன்றாம் நாள், படிக்காத ஒரு கூலிக்காரத் தாய், தன்னைவிட வசதியான ஒருத்தியின் புருஷனுக்காகக் கைகூப்பி நின்றாள். நான் வேறு என்ன செய்வேன்? இஞ்ஞாசியின் ஆத்துமத்துக்காக வேண்டத் தொடங்கினேன். மரித்தவனுக்காக நான், இருக்கிறவருக்காக அவள். அன்றிலிருந்து அவள் சொல்லையே நம்பினேன். சின்னப்பன் இருக்கிறார் என்று அவள் சொன்னால் இருக்கிறார்.

யுத்தம் முடிந்தது. அப்போதும் கடிதம் இல்லை. வயலில் சம்பா அறுப்பு நடந்தது, கரும்பு வெட்டினார்கள், ஏரித் தண்ணீர் வற்றியது. ஒரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் தவறவில்லை. அவளுக்கு ஜுரம் கண்ட வாரம்கூட ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். என்னால் வர முடியாத மழை நாளில் அவள் மட்டும் வந்து நின்றுவிட்டுப் போனாள் என்று உபதேசியார் சொன்னார்.

மாசி மாதம், திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணி. தபால்காரர் ஒரு அட்டையை நீட்டினார். சாய்ந்து சாய்ந்து எழுதும் அந்தக் கையெழுத்து. உயிரோடிருக்கிறேன், ஜப்பான்காரர் அடைத்து வைத்திருந்தார்கள், விட்டுவிட்டார்கள், கால் வீங்கியிருக்கிறது, கப்பல் கிடைத்ததும் வருவேன், உன் அன்புள்ள சின்னப்பன். ஐந்து வரிதான்.

பிறகு ஒரு நாள் பழைய குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் அடைபட்ட நாள், வியாதிப்பட்ட நாள், விடுதலையான நாள் எல்லாம் எங்கள் வெள்ளிக்கிழமைகளோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். நாள் பொருந்த வேண்டுமென்று தேடியது என் குணம். சர்வேசுரன் என் பத்திகளுக்குள் வரவில்லை. ஆனால் என் கணவரைக் கொடுத்தார்.

அவர் அந்த வருடம் ஆனியில் வந்து சேர்ந்தார். மெலிந்து, தலை நரைத்து, சத்தம் கேட்டால் திடுக்கிடும் ஆளாக வந்தார். இன்றும் அதிகம் பேசுவதில்லை. கல்லறைத் திருநாளில் அவர் பெயர் வாசித்ததைச் சொன்னேன். "ஊரே எனக்கு முன்கூட்டி வேண்டிடுச்சா? அப்ப சாவறப்போ செலவு மிச்சம்டி" என்றார். ஆரோக்கியம் அண்ணன் காலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் நான் சாட்சியாகச் சொல்ல வந்தது அவர் வந்த நாளை அல்ல, அட்டை வந்த அந்தத் திங்கட்கிழமையை.

அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், வரப்பு வழியாக ஓடினேன். மதலேனம்மாள் கரும்புத் தோட்டத்தில் காய்ந்த சோகை இலை உரித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களும் இருந்தார்கள். நான் ஓடி வருவதைப் பார்த்ததுமே கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டாள்.

"சேதி வந்துச்சா?"

தலையை ஆட்டினேன். அட்டையை நீட்டினேன். "எங்க, அவரு பேரு எங்க?" என்றாள். காட்டினேன். சிரித்தாள். "பெருசாத்தான் எழுதியிருக்காரு" என்றாள்.

பிறகு அப்படியே சோகைக் குவியலில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. "இஞ்ஞாசி... எங்கண்ணு இஞ்ஞாசி" என்று அழத் தொடங்கினாள். காகிதம் வந்த நாளிலிருந்து பத்து மாதமாக யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. வேலை செய்த பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏம்மா இப்ப?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவங்களுது பாக்கி இருந்திச்சே" என்றாள் மதலேனம்மாள், என்னைக் காட்டி. "நான் அழுது வுழுந்துட்டா யாரு நிக்கிறது?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் உச்சிக்கு ஏறும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை. அவளுடைய பிள்ளைக்காக அவளோடு அழுதேன். என் கணவருக்காகச் சர்வேசுரனுக்கு நன்றி சொன்னேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தன.

ஏன் எனக்குக் கொடுத்து அவளுக்குக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. சிலுவையின் கீழே மாதாவுக்கும் யாரும் காரணம் சொல்லவில்லை, அவள் நின்றாள். எனக்காகவும் ஒருத்தி நின்றாள். அந்தக் கடனைத் தீர்க்க முடியாது என்பதால், நான் நிற்பதையும் நிறுத்துவதில்லை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது செபிக்க வாய் திறக்காமல் போயிருக்கலாம். பூட்டிய வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நானும் அங்கே இருந்தவள்தான். எழுந்து கோவிலுக்குப் போங்கள். உங்கள் வரிசையை விட்டு, நீங்கள் ஒருநாளும் போய் நிற்காத பக்கத்தில் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவரின் துயரம் என்னவென்று கேளுங்கள். அதை உங்கள் வாயால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். உங்களுடையதை அவர் சொல்லட்டும்.